பழைய ஜீப்பின் ஸ்டியரிங் ஆட்டமும் அதனை நீக்கும் முறையும்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய பொன் சுரங்க வேலை, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியன்று முடிவுற்றது. பொன்னைத் தாங்கிய குவார்ட்ஸ் பாறையை ஆலையில் மாவாகப் பொடித்து, பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மணல், ஊரைச் சுற்றிலும் மேடுமேடாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மேடுகள் என்று வழங்கும் இவற்றிலிருந்து காற்று வீசும் காலத்தில் நுண்ணிய தூள் எழுந்து எங்கும் படிகிறது.

இத்தூளுக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமான பொருள். அதன் தூள் கிரீசுடன் கலந்தால், அந்தக் கிரீஸ் உராய்வைக் குறைப்பதற்குப் பதிலாக இரும்பை அரைக்கும் சாந்தாக மாறிவிடுகிறது. தூசியைத் தடுக்கும் உறை கிழிந்துபோன ஒவ்வொரு மூட்டிலும் இவ்வரைப்பு ஓயாமல் நடைபெறுகிறது. கரடுமுரடான பாதையில் ஓடிய பழைய ஜீப்புகளில் ஸ்டியரிங் உறுப்புகள் முதலில் தளர்வதற்கு, கல்லின் மேல் ஏறி இறங்கும் அதிர்ச்சியோடு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆட்டத்தால் விளையும் தீங்கு

ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பியும் முன்சக்கரங்கள் திரும்பாமலிருக்கும் வீண் அசைவையே தொழிலாளர் ஆட்டம் என்பர். அதன் அளவைச் சிறு கணக்கினால் அறியலாம். ஸ்டியரிங் சக்கரத்தின் குறுக்களவு 43 சென்டிமீட்டர் என்றும், அதன் விளிம்பில் 5 சென்டிமீட்டர் ஆட்டம் உள்ளதென்றும் கொள்வோம். இது ஏறக்குறைய 13 டிகிரிக்குச் சமம். ஸ்டியரிங் பெட்டி இத்திருப்பத்தைப் பதினான்கில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பினால், முன்சக்கரங்கள் ஓட்டுநரின் கட்டுப்பாடின்றி ஒரு டிகிரி வரை தாமாகவே அசையலாம். அதாவது நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அரை டிகிரி.

அரை டிகிரி அற்பமாகத் தோன்றும். ஆனால் முன் பின் அச்சுகளுக்கிடையே 203 சென்டிமீட்டர் உள்ள சி.ஜே. 3-பி ஜீப், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, இவ்வளவு சாய்வினால் இரண்டே விநாடியில் தன் நேர்க்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகிவிடும். எதிரே லாரி வரும் குறுகிய சாலையிலும், ஒருபுறம் பள்ளமுள்ள பாதையிலும் ஒரு மீட்டர் உயிருக்கும் இறப்புக்கும் இடையிலான தொலைவாகும்.

உறுப்புகளின் தொடர்

1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3-பி, பின்னர் மகிந்திரா நிறுவனத்தாரால் நம் நாட்டிலும் நெடுங்காலம் செய்யப்பட்டது. இவ்வகைப் பழைய ஜீப்பில் ஓட்டுநரின் கைவிசை செல்லும் வழியைக் கவனிப்போம். ஸ்டியரிங் தண்டின் அடியில் திருகுபோன்ற பள்ளம் வெட்டிய கேம் உள்ளது. அப்பள்ளத்தில் பதிந்த இரு முளைகள் குறுக்குத் தண்டொன்றைத் திருப்புகின்றன. அத்தண்டின் வெளிமுனையில் பிட்மன் கை. அதிலிருந்து டிராக் லிங்க். அடுத்து, சட்டத்தின் முன் குறுக்குத் துண்டில் சுழலும் பெல் கிராங்க். அதிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு டை ராடு. இறுதியில் கிங் பின்னைச் சுற்றித் திரும்பும் சக்கரம்.

இத்தொடரில் உள்ள ஒவ்வொரு மூட்டும் மயிரிழையளவு தேய்ந்தாலும், அத்தேய்வுகளனைத்தும் கூடி ஓட்டுநரின் கையில் பெரிய ஆட்டமாக வெளிப்படுகின்றன. ஆதலால் ஆட்டம் எங்கே உள்ளது என்று அறியாமல் ஸ்பேனரை எடுப்பது தவறு. பலர் எளிதில் எட்டும் ஸ்டியரிங் பெட்டியின் திருகை மட்டும் இறுக்கிவிடுகின்றனர். அப்போது ஆட்டம் குறைந்ததுபோலத் தோன்றும். பழுதான மூட்டோ அப்படியே இருக்கும். பெட்டிக்குள் கேமும் முளைகளும் அளவுக்கு மீறி நெருங்கித் தேயும். திருப்பிய சக்கரம் தானே நேராகத் திரும்பி வரும் இயல்பும் கெடும்.

ஆட்டத்தைக் கண்டறிதல்

இச்சோதனைக்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றவர் பெட்டியில் தொடங்கி ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்த்து வரவேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாவிடில், அங்கே தேய்வு உண்டு. பெட்டி முழுவதுமே சட்டத்தின் மீது அசைந்தால், அதைப் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளன, அல்லது சட்டத்தில் விரிசல் உள்ளது என்று அறியலாம்.

பின்னர் முன்அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் செல்லலாகாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதிக்க மீண்டும் அசைக்கவும். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிடில் கிங் பின்னில்.

சீர்செய்யும் ஒழுங்கு

சக்கரத்திலிருந்து பெட்டியை நோக்கிச் செல்வதே நன்று. முதலில் சக்கர பேரிங்குகளைக் கழுவிப் பார்த்து, குழி விழுந்தவற்றை மாற்றி, புதுக் கிரீசிட்டுச் சரியான இறுக்கத்தில் அமைக்கவும். கிங் பின்னின் ஆட்டத்தை, மேல் மூடிக்கு அடியிலுள்ள ஷிம் தகடுகளைத் தேவைக்கேற்ப நீக்கிக் குறைக்கலாம். பேரிங் பழுதாகியிருந்தால் ஷிம்மை நீக்கிப் பயனில்லை. பேரிங்கையே மாற்ற வேண்டும்.

தேய்ந்த டை ராடு முனையைச் சுத்தியால் தட்டி நெருக்குவதும், வளைந்த ராடைப் பற்றவைப்பதும் ஒருபோதும் கூடா. அவை ஓடும் வண்டியில் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். பெல் கிராங்க்கின் நடுத்தண்டும் பேரிங்கும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுக. டிராக் லிங்க்கின் முனையடைப்பை முழுவதும் இறுக்கியபின் சிறிதளவு தளர்த்தியே பூட்ட வேண்டும். இல்லாவிடில் உள்ளிருக்கும் வில் அதிர்ச்சியைத் தாங்க இடமிராது. கழற்றிய ஸ்பிளிட் பின்னை மறுமுறை பயன்படுத்தாமல், புதியதையே இடவேண்டும்.

இவை முடிந்தபின்னரே பெட்டிக்கு வரவேண்டும். முதலில் போல்ட்டுகளை இறுக்குக. டிராக் லிங்க்கைக் கழற்றி, பக்க மூடியின் திருகைத் தளர்த்தி, மேல் மூடிக்கு அடியிலுள்ள ஷிம்களால் கேமின் மேல்கீழ் அசைவை நீக்குக. அடுத்து, சக்கரங்கள் நேராக நிற்கும் நிலைக்குரிய நடுவிடத்தில் ஸ்டியரிங்கை வைத்துப் பக்கத் திருகைச் சரிசெய்க. நேராக ஓடும்போதே இப்பெட்டி மிகுதியாக உழைப்பதால், கேமின் பள்ளம் நடுவில் ஆழங்குறைவாக வெட்டப்பட்டுள்ளது. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். நடுவைக் கடக்கும்போது மெல்லிய தடை மட்டும் விரலுக்குத் தெரிவதே சரியான அளவாகும். பின்னர்த் திருகின் நட்டைப் பூட்டி, எண்ணெய் அளவையும் பார்க்கவும்.

இறுதிச் சோதனை

டை ராடுகளைத் தொட்டபின் முன்சக்கரங்களின் உட்சாய்வை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. டயர்களின் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியைவிட 3/64 அங்குலம் முதல் 3/32 அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை, குறைவாயிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, எங்கும் பிடிப்பில்லை என்று கண்டபின், வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கவும்.

தங்கவயல் போன்ற தூசி மிகுந்த ஊர்களில், கிழிந்த உறைகளை உடனே மாற்றுவதும், பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதுக் கிரீஸ் செலுத்துவதும் பெருஞ்செலவுள்ள காரியங்களல்ல. இவற்றைத் தவறாமல் செய்து வருபவர் மேற்கூறிய பழுதுகளிற் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.