ஒரே சத்து, வேறு மூட்டை

போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏலம் விளைவது ஊருக்குள் அல்ல; போடிமெட்டைத் தாண்டிய மலைச்சரிவுகளில். கீழே ஒரு மண், மேலே வேறு மண். "எல்லாம் உரந்தானே, எதையாச்சும் போடுங்க" என்று சொல்வது சரியா?

மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஏலத்தோட்ட மண் இலைமக்கு நிறைந்தது, அமிலத்தன்மை கொண்டது. இதில் நீரில் கரையும் சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டால், மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராக் பாஸ்பேட் நீரில் கரையாது. மண்ணின் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் செடிக்குத் தரும். அதையே சுண்ணாம்பு மிகுந்த சமவெளி நிலத்தில் போட்டால் பெரும்பாலும் கரையாமலே கிடக்கும். அங்கே சூப்பர் பாஸ்பேட்தான் பொருத்தம்.

தழைச்சத்தும் அப்படித்தான். யூரியாவில் 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 21 சதவீதம் தழைச்சத்து உண்டு. பின்னது மண்ணின் அமிலத்தை அதிகம் கூட்டும். அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு இட்டால், அதோடு அம்மோனியம் உரத்தைச் சேர்க்கக் கூடாது. அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

இன்னொன்று: ஏலத்தின் வேர் மேலாகவே ஓடும். சரிவில் அடைமழை நேரத்தில் மொத்தமாகக் கொட்டினால், மூட்டை வாங்கிய காசும் மலையேற்றிய கூலியும் ஓடைத் தண்ணியோட போயிரும். தூரைச் சுற்றிப் பிரித்துப் பிரித்து இட்டு, மண்ணோடு லேசாகக் கலந்துவிட வேண்டும்.

ஆகவே நண்பர்களே, மூட்டை வாங்குமுன் மண்ணைப் பரிசோதிப்போம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வோம்!