கடல் குளிர்ச்சியும் கரிசல் மழையும்

ஏழாயிரம்பண்ணை வட்டாரக் கரிசல் நிலங்களில் சோளம், பருத்தி, மக்காச்சோளம், உளுந்து ஆகியவற்றை மானாவாரியாகப் பயிரிடும் விவசாயிகள் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கிறார்கள். அந்த மழை கூடுவதற்கும் குறைவதற்கும் தொலைதூரக் கடல்நீரின் குளிர்ச்சியும் ஒரு காரணமாகும்.

கோடையில் கிணற்றில் குதித்து மூழ்குவோருக்கு மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் சில்லென்றும் இருப்பது தெரியும். கடலும் அவ்வாறே. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக் கரையோரம் ஜூன் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வீசுகிறது. இது வலுக்கும் ஆண்டுகளில், காற்றின் வேகத்தாலும் பூமியின் சுழற்சியாலும் மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது.

குளிர்ந்த கடலின் மீது காற்று மேலெழும்புவது குறைவு, மேகமும் குறைவு. வெப்பநீர் இந்தியப் பெருங்கடலின் மேற்கில் சேருகிறது. ஈரக்காற்றும் மேற்கு நோக்கித் திரும்புகிறது. இத்தகைய ஆண்டுகளில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்யும் வாய்ப்பு அதிகம். 1997ஆம் ஆண்டு இதற்கு எடுத்துக்காட்டு. 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' எனப்படும் இந்த மாற்றத்தை 1999இல் விஞ்ஞானிகள் விளக்கினர்.

சுமத்ரா பக்கம் கடல் வழக்கத்தைவிடச் சூடேறினால் நிலைமை தலைகீழாகும். 2016இல் அவ்வாறே நேர்ந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் அப்போது குளிர்ந்திருந்தது. இதற்கு 'லா நினா' என்று பெயர். அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் பெய்ய வேண்டிய சுமார் 44 செ.மீ. மழைக்குப் பதில் சுமார் 17 செ.மீ. மட்டுமே பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

எனினும் கடல் காட்டுவது அறிகுறியே, உறுதியன்று. 2021இல் லா நினா இருந்தும் மழை இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது.

ஆகவே வானிலைத் துறையின் பருவமழை முன்னறிவிப்பைக் கேட்டறிந்து விதைப்பைத் திட்டமிட வேண்டும். மழை குறையும் என்று தெரிந்தால் நிலம் முழுவதும் ஒரே பயிரை விதைக்காமல், ஒரு பகுதியிலாவது வறட்சி தாங்கும் குறுகிய காலப் பயிர்களை விதைப்பது நல்லது. மழைக்கு முன் விதைக்கும் சோள விதையைக் கடினப்படுத்துவது அவசியம். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். பின் 5 செ.மீ. ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல் நல்ல மழைக்கே முளைக்கும், விதையும் வீணாகாது.