வயிற்றுக்கு சி.டி.: ஊர் சொல்வதும் உள்ளதும்

சித்தூர், நகரி, சத்யவேடு பக்கத்தில் வயிற்றுவலி முற்றினால் போக்கிடம் மூன்று. திருப்பதியில் ரூயா அல்லது ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி.; கையில் காசிருந்தால் சென்னை. 2022 ஏப்ரல் 4-ல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. நோயாளிகள் போகும் வழி மட்டும் மாறவில்லை. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர், வேலூருக்கு அதில் பாதி. இந்த பஸ்களில் சி.டி. ஸ்கேனைப் பற்றிய புரளியும் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறது, தெலுங்கிலும் தமிழிலும்.

முதல் புரளி: "ஒரு சி.டி. எடுத்தால் நூறு எக்ஸ்ரே எடுத்த மாதிரி. கேன்சர் வரும்." பயமுறுத்தத்தான் சொல்கிறார்கள் என்றாலும், முதல் வாக்கியம் பொய்யில்லை. மார்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் வயிற்று சி.டி.யில் கதிர்வீச்சு நூறு மடங்குக்கும் மேல். ஆனால் மார்பு எக்ஸ்ரேயில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சும்மா இருந்தே வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு, உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். வயிற்று சி.டி. ஒன்றுக்குச் சுமார் 8 முதல் 10. ஆக, மூன்று நான்கு வருடக் கணக்கு ஒரே நாளில் ஏறுகிறது. 10 மில்லிசீவர்ட்டால் 2000 பேரில் ஒருவர் கூடுதலாகக் கேன்சரில் இறக்கலாம் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீடு. ஸ்கேனே எடுக்காவிட்டாலும் அந்த நாட்டில் 2000 பேரில் 400 பேர் கேன்சரால்தான் இறக்கிறார்கள். 400 என்பது 401 ஆகலாம், அவ்வளவுதான். குடல்வால் வெடித்திருக்கிறதா என்று தெரியாமல் ஒரு இரவைக் கடத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. குழந்தைகளுக்கு மட்டும் கதிர்வீச்சு பெரியவர்களைவிடக் கூடுதலாக உறைக்கும்; அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் என்பதுதான் முறை. கர்ப்பம், அல்லது நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேன் எடுத்து வந்தவரிடம் பேரப்பிள்ளையை ஒரு நாள் அண்டவிடாத வீடுகள் உண்டு. தேவையே இல்லை. சுவிட்சை அணைத்ததும் விளக்கு வெளிச்சம் போய்விடுகிற மாதிரி, எந்திரம் நின்றதும் எக்ஸ்ரே கதிரும் போய்விடும், உடம்பில் தங்காது. படம் தெளிவாக விழ ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்த ஸ்கேனுக்குப் பிறகும் தாய் பால் கொடுக்கலாம். பாலில் இறங்கும் மருந்து நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

நான் பயப்படுவது ஒரு ஸ்கேனுக்கு அல்ல, அதே ஸ்கேனை மூன்று ஊரில் எடுப்பதற்கு. சித்தூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, "வேலூர்ல போய்ப் பார்த்தாதான் மனசு ஆறும்" என்று அங்கே ஒன்று. இதற்குப் பாதிக் காரணம், வீட்டுக்கு வருவது ஃபிலிம் மட்டும் என்பது. நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சிலவற்றைத்தான் ஃபிலிமில் அச்சடிக்கிறார்கள். அடுத்த ஊர் டாக்டருக்கு வேண்டியது அத்தனை படமும் அடங்கிய டிஸ்க். கவுண்டரில் கேட்டால் பெரும்பாலான இடங்களில் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆளில்லை. படங்கள் தெளிவாகவும் சமீபத்தில் எடுத்தவையாகவும் இருந்தால், அதையே பார்த்து முடிவு சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: எத்தனை கட்டமாக எடுக்கப்போகிறீர்கள்? ஊசிக்கு முன் ஒன்று, பின் இரண்டு மூன்று என்று எடுத்தால், ஒவ்வொரு கட்டமும் தனி ஸ்கேன் மாதிரிதான் கதிர்வீச்சைக் கூட்டும். ஈரலில் கட்டி என்று சந்தேகித்தால் அது தேவைப்படும். சிறுநீரகக் கல்லுக்கு ஊசியில்லாத ஒரே சுற்று போதும்.

ஊசிக்கு வருவோம். கான்ட்ராஸ்ட் என்று சொல்லும் அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது. அதனால்தான் நெல்லூர் இறால் சாப்பிட்டு ஒருமுறை தடிப்பு வந்தவர்கள் எல்லாம் "எனக்கு அயோடின் அலர்ஜி" என்று ஒதுங்குகிறார்கள். இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் அல்ல. அயோடின்தான் காரணமென்றால் அன்றாடம் சமையல் உப்பிலும் தடித்திருக்க வேண்டுமே! இதே ஸ்கேன் மருந்து முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் இருந்தாலும் சொல்லுங்கள். இப்போது புழங்கும் மருந்துகளில் கடுமையான ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் நாலைந்து பேருக்கு. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடாகும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். இது அலர்ஜியும் அல்ல.

"அந்த ஊசி கிட்னியைத் தின்னும்" என்பது இன்னும் ஆழமாக வேரோடிய பேச்சு. டாக்டர்களே நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். ஊசி போட்டவர்களையும், அதே நிலையில் ஊசி போடாமல் ஸ்கேன் எடுத்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பயத்தின் அளவு குறைந்தது. சி.டி.க்கு அனுப்பப்படுபவர் ஏற்கெனவே வாந்தி பேதியில் நீர் வற்றியவர், ரத்தத்தில் கிருமி ஏறியவர், வலி தாளாமல் நாலு நாள் டைக்ளோஃபெனாக் விழுங்கியவர். அவர் கிட்னி கெட்டால் பழி ஊசி மேல் விழுகிறது. 2020-ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் சிறுநீரக மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, உண்மையான கவனம் வேண்டியது கிட்னியின் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழே போனவர்களுக்கும், கிட்னி திடீரென்று அடிவாங்கியிருப்பவர்களுக்கும்தான். கிரியேட்டினின் பரிசோதனை அதற்குத்தான். மெட்ஃபார்மின் எடுக்கும் எல்லா சுகர்காரரும் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதும் பழைய கணக்கு. கிட்னி அந்த அளவு கெட்டவர்களுக்கே அது. உங்கள் எண்ணைக் காட்டி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுகர்காரருக்கு ஊசியைவிடப் பெரிய வம்பு பட்டினி. விடியற்காலை பஸ், டீகூட இல்லை, வழக்கம்போல கிளிமெபிரைடு மாத்திரை மட்டும் உள்ளே போயிருக்கும். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் மதியம் தாண்டும். கை நடுங்கி வேர்த்துக் கொட்டும்போது "ஸ்கேன் பயம்" என்று பக்கத்திலிருப்பவர் விசிறிவிடுவார். அது சர்க்கரை இறங்கியது. இன்றைய கான்ட்ராஸ்ட் மருந்துக்கு வெறும் வயிறு அவசியமில்லை என்றே ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம்மூர் சென்டர்கள் நாலு மணி நேரம் கேட்கும். கேட்டால் இருங்கள், முந்தின நாள் இரவிலிருந்தே வேண்டாம். தண்ணீர் குடிப்பதில் தடையில்லை, நல்லதும்கூட. காலை சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்பதற்காகவே ஸ்கேனைத் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. இது எம்.ஆர்.ஐ.யோடு வந்த குழப்பம். அங்கே காந்தம், இங்கே காந்தமே இல்லை. உலோகம் படத்தில் கோடு கோடாக விழுந்து பக்கத்திலிருப்பதை மறைக்கும், அதுதான் பிரச்சினை. வயிற்று ஸ்கேனுக்குத் தாலியைக் கழுத்துப் பக்கம் ஏற்றி விட்டுக்கொண்டால் போதும். உண்மையில் இடைஞ்சல் செய்வது யாரும் நினைக்காத வெள்ளி அரைஞாண், அதில் கோத்த தாயத்து, உள்பாவாடையில் குத்திய ஊக்கு.

பிறகு எந்திரம் தெலுங்கில் பேசும்: "ஊபிரி பீல்ச்சண்டி… பிகபட்டண்டி… வதலண்டி." மூச்சை இழுங்கள், அடக்குங்கள், விடுங்கள் என்று. அடக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. 1971 அக்டோபர் 1-ல் லண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்தபோது தலையை மட்டும்தான் எடுக்க முடிந்தது. ஒரு சுற்றுக்கே சில நிமிடம் ஆனது. வயிறோ மூச்சுக்கு மூச்சு அசையும். இன்று முழு வயிறும் சில நொடியில் முடிகிறது. அந்த நொடிகளில் மூச்சு விட்டால் ஈரல் ஓரம் கலங்கித் தெரியும்.

கடைசியாக, "சி.டி.யில் எல்லாம் தெரிந்துவிடும்." தெரியாது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கும் உள்ளே எது வலித்தாலும் சி.டி.க்கும் ஓடும் பழக்கம் நமக்கு. இரைப்பைப் புண்ணைப் பார்க்க எண்டோஸ்கோபி வேண்டும். பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்ட்தான் மேல், சி.டி.யில் கணிசமான கற்கள் கண்ணில் படாமலே போகும். நெஞ்செரிச்சலும் குடல் எரிச்சல் நோயும் எந்தப் படத்திலும் விழாது. மாறாக, தேடாத சங்கதிகள் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். 'சிம்பிள் ரீனல் சிஸ்ட்' என்ற வரியைப் பார்த்து அடுத்த பஸ் பிடித்து வேலூர் போகிறவர்கள் உண்டு. சிறுநீரகத்தில் இருக்கும் வெறும் நீர்க்கொப்புளம் அது. வயதானவர்களிடம் சர்வ சாதாரணம். சிம்பிள் என்றே எழுதியிருந்தால் மருந்தும் வேண்டாம், மறு ஸ்கேனும் வேண்டாம். அதற்கு மேல் வரியில் 'ஃபேட்டி லிவர்' என்று இருந்தால், டாக்டரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.