லாக் புக்கின் கடைசிக் கட்டம்



மருத்துவ ஆசிரியர் பயிற்சி முகாம் பற்றி உங்கள் கல்லூரி மலரில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2019இல் வந்த திறன்வழிப் பாடத்திட்டம் என்ன கேட்கிறது, மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி எதற்கு என்பதெல்லாம் நாம் இருவரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது நீங்கள் காட்டும் சான்று. முகாம் வெற்றி என்கிறீர்கள். வந்தவர்கள் மனநிறைவோடு போனார்கள், கடைசி நாள் தேர்வில் முதல் நாளைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்பவையே ஆதாரம். பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா என்று நான்கு படிகளாகப் பார்க்கச் சொன்னார் டொனால்ட் கிர்க்பாட்ரிக், 1959இலேயே. நீங்கள் இரண்டாம் படியில் நின்றுகொண்டு நான்காவதை எட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவருக்கு என்ன தெரியும் என்பதோடு நிற்காமல் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள் என்று 1990இல் ஜார்ஜ் மில்லர் சொன்னதை முகாமில் பாடமாக நடத்துகிறோம். அதே முகாமை அளக்கும்போது மட்டும் ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதோடு ஏன் நின்றுவிடுகிறோம்?

மருத்துவ ஆசிரியரின் வேலைகளில் தலையாயது, மாணவர் நோயாளியிடம் பேசுவதையும் தொட்டுச் சோதிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்து, சூட்டோடு சூடாக அவரிடம் சொல்வது. நம் வார்டுகளில் நடப்பது வேறு. மாணவர் தனியாகப் போய்க் கேஸ் எடுக்கிறார், பிறகு வந்து ஒப்பிக்கிறார். பேராசிரியர் திருத்துவது அந்த ஒப்பித்தலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் செய்பவர் இருமலோடு வந்து படுத்திருக்கிறார். அவர் பதில் சொல்லி முடிக்கும் முன்பே மாணவர் அடுத்த கேள்விக்குத் தாவினாரா, ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வைத்தாரா என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் வராது. பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஓபி கூட்டத்தில் இதற்கு நேரம் ஏது என்பீர்கள். போரூரிலிருந்து தண்டலம் வரை ஆண்டுக்கு 250 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன, நெருக்கடி உண்மைதான். ஆனால் ஜான் நார்சினி குழுவினர் 1995இல் எழுதிய, நோயாளியோடு இருக்கையிலேயே பார்த்து மதிப்பிடும் முறைக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 நிமிடம் போதும், அதையும் அன்றாடப் பணிக்கு நடுவிலேயே செய்யலாம். ஆசிரியருக்கு நாளொன்றுக்கு ஒரு மாணவர் என்றாலே ஒரு போஸ்டிங்கில் பலரைப் பார்த்துவிடலாம். ஆஸ்கி (OSCE) தேர்வில்தான் மாணவரைப் பார்க்கிறோமே என்ற வாதமும் வரும். 1975இல் ரொனால்ட் ஹார்டன் டண்டீயிலிருந்து எழுதிய அந்த முறை, தேர்வில் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்க வந்தது. மணி அடித்ததும் மாணவர் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். கற்கும் காலத்தில் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

ஆசிரியர் பயிற்சிக்கு நம் பக்கத்தில் நீண்ட வரலாறு உண்டு. மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்கக் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமே புதிதாக இருந்த 1970களில் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கியது. பின்னர் வேலூர் சிஎம்சி, போரூர் ராமச்சந்திரா, 2007 முதல் கோவை பிஎஸ்ஜி ஃபெய்மர் என்று மையங்கள் பெருகின. பிஎஸ்ஜி ஃபெய்மரில் சேருபவர் தம் கல்லூரியிலேயே ஒரு திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். மூன்று நாள் முகாமில் அந்தக் கட்டாயம் இல்லை. விதிகளின்படி இணைப் பேராசிரியராவதற்கு முகாம் சான்றிதழ் தேவைப்படுவதால், சான்றிதழோடு கதை முடிந்துவிடுகிறது.

இனி உங்கள் கட்டுரையின் ஏழாம் பத்தி. மாணவரின் பயிற்சியைப் பதியும் லாக் புக்கில் ஆசிரியர் கையெழுத்துகள் போஸ்டிங்கின் கடைசி வாரத்தில் குவிந்து கிடக்கின்றன, ஃபீட்பேக் பெற்றதற்கு மாணவர் ஒப்பமிடும் கடைசிக் கட்டமோ பெரும்பாலும் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். அபாரம்! முகாம் அறிக்கைகளில் இதற்கு இணையான ஒரு பத்தியை நான் படித்ததில்லை. அதை நான்கு வரியில் முடித்துவிட்டு மனநிறைவுப் படிவத்துக்கு இரண்டு பக்கம் கொடுக்க எப்படி மனம் வந்தது? முகாமுக்கு வந்த ஆசிரியர்களின் மாணவர்களிடமிருந்து லாக் புக்குகளை வாங்குங்கள். முகாமுக்கு முந்தைய போஸ்டிங்கையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து, தேதிகளையும் அந்தக் கட்டத்தையும் எண்ணுங்கள். தேதியைப் பின்னால் நிரப்ப முடியும் என்பதால் மாணவர்களையும் தனியே கேளுங்கள்: உங்களை நோயாளியோடு யாராவது பார்த்தார்களா, என்ன சொன்னார்கள்? எண்ணிக்கை மாறவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்தக் கட்டுரையை முதலில் எனக்கு அனுப்புங்கள்.