முட்டிவலியோடு ஹஜ்ஜா? தமத்துஉ போதும்

பாலவனத்தம், திருச்சுழிப் பக்கம் அறுபதைத் தாண்டிய அத்தா அம்மாவை ஹஜ்ஜுக்கு அனுப்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த ஹஜ்ஜுக்கு நிய்யத் வைக்கச் சொல்வது என்பதுதான். தயங்காமல் சொல்கிறேன்: தமத்துஉ.

ஹஜ் மூன்று வகை. இஃப்ராதில் ஹஜ் மட்டும். கிரானில் உம்ராவும் ஹஜ்ஜும் ஒரே இஹ்ராமில். தமத்துஉவில் மக்கா சேர்ந்ததும் உம்ராவை முடித்து, முடி குறைத்து, இஹ்ராமைக் களைந்துவிடலாம். துல்ஹஜ் பிறை 8 அன்று தங்கியிருக்கும் அறையிலேயே ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டலாம். ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்கள் வழக்கமாக 40 நாள் அளவுக்குத் தங்குகிறார்கள். மூன்று வாரம் முன்பே மக்கா போய்விட்டவர் கிரானில் இருந்தால் அத்தனை நாளும் ஆண்களுக்குத் தையலில்லாத இரண்டு துணிதான். மணமுள்ள சோப்பு கூடாது, நகம் வெட்டக் கூடாது. வயதான உடம்புக்கு அது கடினம்.

ஹனஃபியில் கிரான்தானே சிறந்தது என்று ராவுத்தர் வீடுகளில் கேட்பார்கள். சரிதான். ஆனால் மூன்றுமே செல்லும் என்பதில் நான்கு மத்ஹபும் ஒன்றுபடுகின்றன. விடைபெறும் ஹஜ்ஜில் குர்பானிப் பிராணி கொண்டுவராத தோழர்களை, உம்ராவை முடித்து இஹ்ராமைக் களையச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே.

தமத்துஉவுக்கு குர்பானி கட்டாயம். வசதியில்லாதவர் அங்கே மூன்று, ஊர் திரும்பி ஏழு என நோன்பு வைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிறை 10 அன்று கல்லெறிதல், குர்பானி, முடி களைதல் என்ற வரிசை ஹனஃபியில் வாஜிப். கூப்பன் வாங்கிக் கொடுத்த குர்பானி எத்தனை மணிக்கு நிறைவேறியது என்பது நமக்குத் தெரியாது. இதை ஊர் ஹஜ்ரத்திடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பலரைப் படுக்கவைப்பது ஹஜ்ஜே அல்ல, அதற்கு முன் இஹ்ராம் கட்ட ஆயிஷா பள்ளிக்குப் போய்ப் போய்ச் செய்யும் கூடுதல் உம்ராக்கள். ஒரு ஸஃயீயே மூன்று கிலோமீட்டருக்கு மேல். முட்டிவலிக்காரர் ஒரு உம்ராவோடு நிறுத்தி, அரஃபாவுக்காகத் தெம்பைச் சேர்த்துவைக்கட்டும். சக்கர நாற்காலியில் தவாஃப் செய்யவும் கூச்சம் வேண்டாம். உடல்நலம் குன்றிய உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தே சுற்றிவரச் சொன்னார்கள் நபியவர்கள்.

கரிசல் வெயிலில் பருத்தி எடுத்த உடம்புக்கு மக்கா வெயில் என்ன செய்யும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் 2024 ஜூனில் அங்கே வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஹஜ் அனுமதி இல்லாமல் போய், நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றது சவூதி அரசு. செலவு குறைவு என்று விசிட் விசாவில் கூட்டிப்போகும் ஏஜெண்டை நம்பிப் பெற்றோரை அனுப்பாதீர்கள்.

பிறை 12-இல் மினாவை விட்டுக் கிளம்புகிறவர் எறிய வேண்டியது மொத்தம் 49 கற்கள். எழுந்து நடக்கவே இயலாதவருக்காக வேறொரு ஹாஜி, தன் கற்களை முதலில் எறிந்துவிட்டு, எறியலாம். கூட்டத்துக்குப் பயந்து மட்டும் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள். வெயில் தாழ்ந்தபின், தேவையானால் இரவில், மெதுவாகப் போய் நீங்களே எறியுங்கள்.