வாகனம் பெரிதானால் பொறுப்பும் பெரிது

பனுவலை வாசித்திடுக.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. ஜெலுத்தோங்கில் வாழும் ஒரு குடும்பம் கேமரன் மலைக்குச் செல்லத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகியவை பொருத்தப்பட்ட மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் மாமா. “இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். இதை ஓட்ட முடியாதா?” என்பது அவரது வாதம். “உங்கள் உரிமத்தில் எந்த வகுப்பு இருக்கிறது, மாமா?” என்று கேட்கிறாள் படிவம் நான்கில் பயிலும் மருமகள். அவள் கேட்டது சரியான கேள்வி.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஒருவர் தாம் ஓட்டும் வாகனத்தின் வகுப்புக்கு உரிய உரிமத்தை வைத்திருக்க வேண்டும். ஏதோ ஓர் உரிமம் இருந்தால் போதாது. மகிழுந்துக்கு உரிய ‘டி’ வகுப்பு உரிமத்தைக் கொண்டு, சுமையற்ற எடை 3,500 கிலோகிராமைத் தாண்டாத வாகனத்தையே ஓட்டலாம். அதற்கு மேல் 5,000 கிலோகிராம் வரை ‘இ2’, 7,500 கிலோகிராம் வரை ‘இ1’, அதையும் தாண்டினால் ‘இ’ என வகுப்புகள் உயர்கின்றன. வாகனத்தினுள் மெத்தையும் அடுப்பும் இருப்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. சிறிய வேனை மாற்றியமைத்த ஊர்தி 3,500 கிலோகிராமுக்குள் அடங்கினால் ‘டி’ உரிமம் போதும். கனவுந்தின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட ஊர்தி அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

எடையை எப்படி அறிவது? வாகனப் பதிவு ஆவணத்தைப் பார்க்க வேண்டும். சாலையில் செல்லும் கனவுந்துகளின் பக்கவாட்டிலும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘பெராத் தன்பா முவாத்தான்’ என்பது சுமையற்ற எடை. ‘பெராத் டெங்கான் முவாத்தான்’ என்பது சுமையுடன் கூடிய எடை.

‘டி’ உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் கணினித் தேர்வில் 50 கேள்விகளுள் குறைந்தது 42 கேள்விகளுக்குச் சரியாக விடையளிக்க வேண்டும். பின்னர் ‘எல்’ உரிமத்துடன் பயிற்சி, செய்முறைத் தேர்வு, ‘பி’ உரிமத்துடன் இரண்டு ஆண்டுகள் எனப் படிப்படியாக முழு உரிமம் கிடைக்கும். கனரக வாகனத்தை ஓட்ட விரும்புபவர் அதற்கெனத் தனியாகப் பயிற்சி பெற்று, தனித் தேர்விலும் தேற வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? ஜெலுத்தோங்கிலிருந்து புறப்படும் அந்தப் பயணத்தையே எண்ணிப் பாருங்கள். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தடம் மாறும்போது, உயரமான வாகனத்தின் பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் கடற்காற்று வாகனத்தின் அகன்ற பக்கத்தைத் தள்ளும். தொட்டியில் நிரப்பிய 200 லிட்டர் தண்ணீரின் எடை 200 கிலோகிராம். வளைவில் அத்தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். வாகனமும் அதனோடு சாய முனையும்.

மலையிலிருந்து இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. எடை இரு மடங்கானால் நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ அது நான்கு மடங்காகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். ஆகவே, தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் இழுவையைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். 2013 ஆகஸ்டு 21ஆம் நாள், கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்தனர். இறக்கத்தில் செல்லும் கனரக வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் எத்தனை உயிர்கள் போகும் என்பதை நாடே அன்று கண்டது.

உரிய உரிமம் இல்லாதவர் விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். பணத்தையாவது மீண்டும் ஈட்டலாம். உயிரை மீட்க இயலாது.

மாமாவுக்கு இரண்டு வழிகள் உள்ளன. தம் ‘டி’ உரிமத்துக்குள் அடங்கும் சிறிய ஊர்தியைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது உயர் வகுப்புக்குப் பயின்று, அடுத்த விடுமுறையில் பெரிய ஊர்தியை ஓட்டலாம். எந்த வழியாயினும், சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: வாகனத்தின் எடை, உரிமத்தின் வகுப்பு.

சொற்பொருள்

அடிச்சட்டம் – வாகனத்தைத் தாங்கும் அடிப்பகுதி
காப்புறுதி – இழப்பை ஈடுசெய்யும் ஒப்பந்தம்

கேள்விகளுக்கு விடையளித்திடுக.

1. சுமையற்ற எடை 4,200 கிலோகிராம் கொண்ட மோட்டார்ஹோமை ஓட்ட எந்த வகுப்பு உரிமம் தேவை?
2. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதிப்பது ஏன் ஆபத்தானது?
3. ‘நீண்ட கால அனுபவம் இருந்தால் உரிமத்தின் வகுப்பு முக்கியமன்று.’ இக்கூற்றைப் பற்றிய உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.