ஊர் பேசும்படி ஒரு காரியம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். ஆறு யாரால் கெட்டது, சாதி ஏன் ஒழியவில்லை, எல்லாவற்றுக்கும் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அப்படிக் கருத்து சொன்னவர்களை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. சொன்னபடி ஒரு காரியத்தில் இறங்கிய சிலரைப் பற்றித்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. அவர்கள் செய்த விதத்தைப் பார்த்துத் தொகுத்தவை இவை.

செய்ய வேண்டியவை

கொள்கையை மனுவாக எழுதுங்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகாவின் பெற்றோரும் வழக்கறிஞர்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களில் சாதி, மதம் என்ற இடங்களை நிரப்பாமலே விட்டவர்கள். அந்த வீட்டில் வளர்ந்தவர் 'எனக்குச் சாதி இல்லை' என்று மேடையேறிச் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், அடுத்த பேச்சாளர் எழுந்ததும் மறந்திருப்பார்கள். அவர் தாலுகா ஆபீசுக்குப் போனார். சாதி, மதம் அற்றவர் என்று அரசு முத்திரையோடு எழுதித் தரும்படி கேட்டார். 2010-இல் கேட்டபோது கிடைக்கவில்லை. 2017-இல் மறுபடி கேட்டார். 2019 பிப்ரவரி 5 அன்று சான்றிதழ் கைக்கு வந்தது. இந்தியாவில் இப்படி ஒன்று பெற்ற முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. சாதிச் சான்றிதழுக்கே நடையாய் நடக்க வேண்டிய ஆபீசில் சாதி இல்லை என்று எழுதி வாங்குவது எப்பேர்ப்பட்ட வேலை என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலே போக அதுதான் துருப்புச்சீட்டு.

அரசாணைகளைத் தேடிப் படியுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் கேட்கும் இடத்தைப் பெற்றோர் விரும்பினால் காலியாக விடலாம் என்று தமிழக அரசு 1973 ஜூலையிலேயே ஆணை போட்டிருக்கிறது. 2000-இல் இன்னொன்றும் வந்தது. நாம் போராடிப் பெற வேண்டும் என்று நினைக்கும் உரிமை சில சமயம் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆணையின் நகலோடு போய் நிற்பவரிடம் எழுத்தரும் சற்று நிதானமாகத்தான் பேசுவார்.

கோபத்தைக் கணக்காக்குங்கள், பிறகு காத்திருங்கள். தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. ஆறு நாறுகிறது என்ற புலம்பலை வைத்து அந்த வழக்கு நின்றிருக்காது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு வேலூர் என்றதும் நினைவுக்கு வருவது இந்த வழக்குதான், கோட்டை அப்புறம். ஆனால் நிலம் கெட்டவர்களுக்கான இழப்பீடு முழுதாக வந்து சேர்ந்ததா? 2001-இல் நிர்ணயித்த தொகையில் பாக்கி இருந்தால் ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மனுப்போட்ட வருடம் பிறந்த குழந்தைக்கு அன்று முப்பது வயது தாண்டியிருந்தது. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம், தப்பில்லை.

கையில் உள்ளதை வைத்துத் தொடங்குங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1900-இல் அங்கே ஆரம்பித்தது ஒற்றைக் கட்டில் மருந்தகம். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது.

செய்யக்கூடாதவை

உங்கள் கொள்கையின் விலையை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சிநேகா தன் பங்கை மட்டுமே விட்டுக்கொடுத்தார். அதைப் பார்த்த உற்சாகத்தில், தோல் ஷாப்பில் தொட்டி வேலை செய்யும் தலித் குடும்பத்துப் பிள்ளையிடம் போய், நீயும் சாதிச் சான்றிதழை விட்டுவிடு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை அது. இடஒதுக்கீடு அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. சாதியால் லாபம் பார்த்தவர் சாதியை விடுவது ஒரு கணக்கு, சாதியால் அடிபட்டவர் விடுவது வேறு கணக்கு. ஆற்றுக்காகப் பேசுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விடியற்காலையில் செருப்புக் கம்பெனி வேனுக்காக நிற்கும் ஆம்பூர்ப் பெண்களிடம் 'உங்களுக்கு வேலை பெரிசா, ஆறு பெரிசா' என்று கேட்காதீர்கள். கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டு அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர் வேறு ஆள். கேள்வி அவருக்கு.

பழியை ஒரு மதத்தின் மேல் போடாதீர்கள். பாலாற்றுப் பேச்சு சில இடங்களில் முதலாளி எந்த மதம் என்பதில் போய் முட்டிக்கொள்ளும். கழிவிலுள்ள உப்பும் குரோமியமும் யார் கிணறு என்று பார்த்து இறங்குவதில்லை. தவிர, ஆம்பூர்ச் செருப்பைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கும் கால்களில் கணிசமானவை ஐரோப்பாவில் நடக்கின்றன. அங்கே வாங்குபவர்களை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

போட்டோவுக்காக மனுக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரோடு நின்று எடுத்த படம் வாட்ஸ்அப்பில் ஒரு நாள் ஓடும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த திங்கள் அதே எண்ணைச் சொல்லிக் கேட்பவரைத்தான் ஆபீஸ் மறக்காது.

முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று ஏங்காதீர்கள். சிநேகாவுக்குப் பிறகு கேட்டவர்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. தாசில்தாருக்கு இப்படிச் சான்றிதழ் தரும் அதிகாரமே இல்லை என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். அந்த வழக்கைப் போட்டிருந்த, அதே திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர் விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனார். 2025 ஜூனில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சான்றிதழ் தரச் சொன்னது. கேட்கும் மற்றவர்களுக்கும் தரும் வகையில் அரசாணை பிறப்பிக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. சிநேகாவின் பேர் தெரிந்த பலருக்கு இவர் பேர் தெரியாது. ஆனால் அடுத்து மனுக் கொடுக்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது இவர் வாங்கிய தீர்ப்பின் நகல்தான்.